உரிமையாளர் அத்தியப்பன்

கிளட்ச் மேல இருந்து மொதல்ல காலை எடுங்க. ஏனுங்க, மிதிச்சா மிதிக்கோணும், இல்லீன்னா காலைக் கீழ வெச்சுக்கோணும். பாதி மிதியா மிதிச்சுக்கிட்டே போனா பிளேட்டு என்னத்துக்கு ஆகும்? இந்த வண்டி ஷோரூம்ல இருந்து வந்த அன்னைக்கு டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தி எறக்குனவன் நானுங்க. இதோட இருமலு தும்மலு எல்லாம் எனக்குத் தெரியும்.

அப்புறம், பின்னாடிக் கதவைத் தொறந்து விட்டு "ஏறுங்க சார்"ன்னீங்க பாருங்க, நல்ல பழக்கந்தான். ஆனா அது மொதலாளி சீட்டு. அதுல நான் உக்கார மாட்டேன். ஜெயிலுக்கே போறதா இருந்தாலும் முன்னாடி உக்காந்துதான் போவேன்.

என்னை அடையாளம் தெரிஞ்சுதுங்களா? பேப்பர்ல போட்டோவோட போட்டிருந்தாங்களே. "சாயக்கழிவைத் திறந்துவிட்ட ஆலை அதிபர் கைது." அந்த அதிபர் நாந்தான். சிரிக்காதீங்க. சட்டப்படி பழனாத்தா டையிங்குக்கு உரிமையாளர் அத்தியப்பன். அதே அத்தியப்பன்தான் இப்ப நீங்க உக்காந்திருக்கற சீட்டுல உக்காந்து தெய்வசிகாமணி மொதலாளிக்கு வண்டி ஓட்டினவனும். என்னை உள்ள போட்டப்பறம் அவுருக்கு ஆளு வேணுமில்லீங்களா, அதான் உங்களை வெச்சிருக்காரு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கியரை மட்டும் கொஞ்சம் பதனமாப் போடுங்க.

இன்னைக்கு என்ன சோலின்னு உங்களுக்குச் சொன்னாங்களோ இல்லியோ. ஜட்ஜு முன்னாடி நின்னு, "ஆமாங்க, கம்பெனி என்னுது, தண்ணியத் தொறந்து விட்டதும் நாந்தான்"னு நான் ஒத்துக்கோணும். ஆடிட்டரு நேத்து ஊட்டுக்கே வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு. ஒத்துக்கிட்டா தண்டனை உண்டு. எத்தனை நாளைக்கு உள்ள வெப்பாங்கன்னு அவுருக்கே தெரியலை. பேங்க் கடனும் என் தலையில நிக்கும், ஊட்டை ஏலம் போட்டாலும் போடுவாங்க. ஒத்துக்கலீன்னா கேசு மொதலாளி பக்கம் திரும்பும்.

ஒத்துக்கறதாத்தான் இருக்கறேன். அவுரு உப்பைத் தின்னவன் நான். ஆனா வயிறு எரியுதுங்க. மொதலாளி மேல இல்லீங்க, அய்யோ, அவுரு பாவம். இந்த ஊருக்காரனுக மேலதான் எரியுது. என்ற சொந்த ஊரு. ஓடைக்காட்டுப்புதூரு. நன்றி கெட்ட ஊரு.

எப்படி ஓனரு ஆனேன்னு கேக்கறீங்களா? கேக்கலியா? சரி, நானே சொல்றேன்.

ஒருக்கா திருச்செங்கோடு போயிட்டுத் திரும்பி வந்துக்கிட்டு இருந்தம். மொதலாளி பின்னாடி உக்காந்துக்கிட்டு, "அத்தியப்பா, உங்கம்மா பேரு என்ன?"ன்னாரு. "பழனாத்தாளுங்க"ன்னேன். "நல்ல பேரு. புதுசா ஒரு டையிங் போடறேன், அந்தப் பேரையே வெச்சர்றேன். உம் பேருலயே இருக்கட்டும்"னாரு. எங்கம்மா கடைசி வரைக்கும் அடுத்தவன் தோட்டத்துல களையெடுத்துச் செத்தவ. அவ பேருல ஒரு போர்டு! லைட்டு போட்ட போர்டு!

மொதலாளிக்கு எத்தனை கம்பெனின்னு கேட்டா அவுருக்கே தெரியாது, ஆடிட்டரைத்தான் கேக்கோணும். ஒண்ணு சம்சாரத்து பேருல, ஒண்ணு கொழுந்தியா பேருல, ஒண்ணு மருமகன் பேருல. எதுல நட்டம் வரோணும், எதுல லாபம் வரோணும்னு வருசக் கடைசியில ரெண்டு பேரும் உக்காந்து முடிவு பண்ணுவாங்க. இதையெல்லாம் சில பேரு மோசடிங்கறான். பொழைக்கத் தெரிஞ்சவனைப் பாத்தா பொழைக்கத் தெரியாதவன் அப்படித்தான் பேசுவான். சொந்தபந்தத்துக்கு வெளியில ஒரு ஆளு பேருல கம்பெனி வெச்சாருன்னா அது எம் பேருல மட்டுந்தான். அது சும்மா வருமுங்களா?

பேங்க்ல கடன் வாங்கறப்ப நானே போயிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜரு எந்திரிச்சு நின்னு கை குடுத்தாரு. "சார், டீயா காப்பியா?"ன்னாரு. கையெழுத்துப் போட்டு முடிச்சுட்டு வெளிய ஓடியாந்து மொதலாளிக்குக் கார் கதவைத் தொறந்து விட்டேன். மேனேஜரு கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே நின்னாரு. அவுருக்கும் எல்லாந் தெரியும். தெரியாத மாதிரி ஒரு மூஞ்சி வெச்சிருப்பாங்க பாருங்க, அந்த மூஞ்சி.

அந்தக் கடனு எதுக்குன்னா, சாயத்தண்ணியைச் சுத்தம் பண்ற மிசினு வெக்கறதுக்கு. கவருமெண்டு மானியமும் வந்துச்சு. வந்த பணத்துல மொதலாளி பைபாஸ் மேல கல்யாண மண்டபம் கட்டினாரு. நாம இப்பத் தாண்டி வந்தமே, யானைச் சிலை வெச்சு, அதுதான். இதைத்தான் "ஊழல், ஊழல்"னு கத்தறானுக. நான் கேக்கறேன், மண்டபம் நாலு பேருக்கு உபயோகம். சுத்திகரிப்பு நெலையத்துல யாராச்சும் கல்யாணம் பண்ண முடியுமா?

இல்லீங்க, அதுக்காகத் தண்ணியை அப்படியே ஓடையில விடலை. பொய் சொல்லக்கூடாது. பக்கத்துல தண்ணி வத்திப்போன ஆழ்துளைப் போர்க்குழி ஒண்ணு இருந்துச்சு. அதுல கொழாயை எறக்கி உள்ள விட்டாங்க. வெளிய பாத்தா ஒரு சொட்டுத் தெரியாது. மழை பேஞ்சா மட்டும் கொஞ்சம் ஓடையில தொறந்து விடுவாங்க. மழைத் தண்ணியோட தண்ணியாப் போயிரும். இதுல என்ன தப்பு? எல்லா டையிங்குலயும் பண்றதுதான்.

லாரிக்காரன் லைட்டு போடறான் பாருங்க, வழி விட்டுருங்க. அவன் போகட்டும். நமக்கென்ன, ஜெயிலு எங்கியும் ஓடிறாது.

எங்க விட்டேன்? ஆங், போர்க்குழி. அதுக்குத் தெக்கால என்ற மச்சான் தோட்டம். ராக்கியப்பன். சம்சாரம் துளசிமணியோட கூடப்பொறந்த அண்ணன். கொஞ்ச நாள்ல அவன் கெணத்துத் தண்ணி நெறம் மாறிப்போச்சு. ஒரு வாரம் மெரூன், ஒரு வாரம் நீலம். "மாப்ள, உங்க கம்பெனியில இன்னைக்கு என்ன கலர் பனியன் ஓடுதுன்னு எங்கெணத்தை எட்டிப் பாத்தாத் தெரிஞ்சுக்குவேன்"னு என்றகிட்டயே சொல்றான். கிண்டலு! தென்னை மட்டையெல்லாம் தொங்கிப்போயி, குரும்பை குரும்பையாக் கொட்டுது. செனை மாடு ரெண்டு கன்னு போட்டுச்சு, ரெண்டும் உசுரில்லாம. "வைத்தியம் பாரு மச்சான், தண்ணி மேல பழி போடாத"ன்னேன்.

துளசிமணிக்குக் காலு ரெண்டும் வெடிச்சு, ராத்திரியெல்லாம் சொறிஞ்சுக்கிட்டே கெடப்பா. அது தொவைக்கற சோப்புனாலங்க. சோப்பை மாத்துன்னு நூறு தடவை சொன்னேன். கேட்டாத்தானே?

ஊருக்காரனுக ரோட்டுல உக்காந்து மறியல் பண்ணினானுக. மொதலாளி கோவிச்சுக்கவே இல்லை. "பாவம், குடிக்கத் தண்ணி வேணும், அவ்வளவுதானே"ன்னு சொல்லி, சுத்தமான தண்ணி வர்ற டேங்க் ஒண்ணு வெச்சுக் குடுத்தாரு. காசு போட்டாத் தண்ணி வரும், அந்த மாதிரி இல்லை. சும்மாவே புடிச்சுக்கலாம். ஊருக் கெணத்தைக் கெடுத்தவன் தண்ணி குடுக்கறான்னு மச்சான் மட்டும் மொனகினான். மத்தவனெல்லாம் கொடத்தைத் தூக்கிக்கிட்டு மொத ஆளா நின்னானுக.

இப்ப ஒரு கல்லு விசயத்தைச் சொல்லோணும். நம்ம பக்கத்து வழக்கம் தெரியுமல்லோ. கோயிலுக்கு ஒரு டியூப்லைட்டு வாங்கிக் குடுத்தாலும் வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயம் இன்னாருன்னு எழுதீருவாங்க. டேங்குக்கும் ஒரு கல்லு வெக்கலாம்னு பஞ்சாயத்துல பேசினாங்க. "உபயம்: பழனாத்தா டையிங்"னு ஒரே வரி போதும்னாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "ஏனுங்க, கம்பெனி தானா வானத்துல இருந்து குதிச்சுதா? உரிமையாளர் யாருன்னு போட வேண்டாமா?"ன்னேன். மச்சான் என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போயி, "மாப்ள, கம்பெனி பேரோட நிக்கட்டும். உங்க பேரைக் கல்லுல வெட்டாதீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா அழிக்க முடியாது"ன்னான். பொறாமை! அவன் பேரு ஒரு ரேசன் கடை செவுத்துலகூடக் கெடையாது. இவன் எனக்குப் புத்தி சொல்றான்.

என்ற சொந்தக் காசுல கருங்கல்லு வாங்கினேன். "தொழிலதிபர், கொடைவள்ளல், பழனாத்தா டையிங் உரிமையாளர் அத்தியப்பன்"னு வெட்டச் சொல்லி, தங்கக் கலர் பெயின்ட் அடிச்சு, கொடத்தைத் தூக்கிட்டு வர்றவன் படிக்காமப் போக முடியாத எடமாப் பாத்துப் பதிச்சேன். தொறப்பு விழா அன்னைக்கு எனக்கு மாலை, மொதலாளி கூட்டத்துல ஒருத்தரா ஓரமா நின்னுக்கிட்டாரு. எத்தனை பெரிய மனசு! என்னை மேடையில ஏத்தி உட்டுட்டு அவுரு கீழ நிக்கறாரு. நான் அழுதுட்டேனுங்க.

அந்த மாலையோட வாசம் போறதுக்குள்ள மச்சான் மனு போட்டுட்டான்.

சொந்த மச்சான்! என்ற கல்யாணத்துல எனக்கு மோதிரம் போட்டவன். தண்ணி, மண்ணு, செத்த கன்னுக்குட்டி போட்டோ, எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயி மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல குடுத்து, அங்க கேக்கலீன்னதும் கோர்ட்டுக்கே போயிட்டான். "கம்பெனி உங்களுதா, தெய்வசிகாமணியுதான்னு நான் பாக்கலை மாப்ள. போர்க்குழியில விடற தண்ணி எங்கெணத்துக்குள்ள ஊறி வருது. அந்தக் கொழாயை அடைக்கோணும், அவ்வளவுதான்"னான். எத்தனை திமிருன்னு பாருங்க.

ஆபீசருக வந்து கொழாயைத் தோண்டி எடுத்தாங்க. கம்பெனிக்குச் சீலு வெச்சாங்க, கரண்டைப் புடுங்குனாங்க. பின்னாடியே போலீசு. நான் ஊட்டுல சோத்துல கைய வெச்சிருந்தேன். "யாரு ஓனரு?"ன்னு கேட்டாங்க. உண்மையச் சொல்றேன், பயந்துட்டேனுங்க. "நான் டிரைவருங்க, மொதலாளி கார் ஓட்டறவன்"னு வாயில வந்துருச்சு. இன்ஸ்பெக்டரு, "கையக் கழுவிட்டு வாங்க"ன்னாரு. என்னைக் கூட்டிக்கிட்டு நேரா டேங்குக்கிட்டப் போனாரு. "இது யாரு பேரு?"ன்னாரு. "என்றதுதானுங்க." "கல்லுக்கு யாரு காசு குடுத்தா?" "நாந்தானுங்க." சுத்தியும் ஊரே நிக்குது. "இவருதான் ஓனரா?"ன்னு கேட்டாரு.

அப்ப என்ன பண்ணியிருக்கோணும்? ஒருத்தனாச்சும், "இல்லீங்க சார், அவன் பாவம், டிரைவரு"ன்னு சொல்லியிருக்கோணுமா இல்லியா? எல்லாத்துக்குந் தெரியும்! நான் கார் தொடைக்கறதைப் பாத்தவனுக! "ஆமாங்க, இவருதானுங்க ஓனரு. அவுரே மைக்குல சொன்னாருங்க"ன்னு ஒரு வாயா ஒப்பிக்கறானுக. தொறப்பு விழாவுல லட்டு ரெண்டு வாங்குன வாயி! மூணாவதுக்குக் கைய நீட்டுன வாயி! அன்னைக்கு எரிஞ்ச வயிறுங்க, இன்னிக்கு வரைக்கும் ஆறலை.

இப்ப கம்பெனிக்குக் கரண்டு இல்லை, டேங்குக்குக் கரண்டு பில்லு கட்டவும் ஆளில்லை. டேங்க் நின்னுபோச்சு. கொடத்தைத் தூக்கிக்கிட்டு மூணு மைலு நடக்கறானுக. நடக்கட்டும். நல்லா நடக்கட்டும். துளசிமணியும்தான் நடக்கறா, அந்த வெடிச்ச காலோட. அவளும் அண்ணன் பக்கம் சேந்துக்கிட்டாளே, அனுபவிக்கட்டும்.

என்னங்க? இல்லீங்க, கண்ணுல தூசி. கண்ணாடிய ஏத்துங்க.

உள்ள இருந்தப்ப மொதலாளி வரலை. வர முடியாதுங்க. அவுரு வந்தா அவுருக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம்னு ஆயிரும், அதை ஆடிட்டரு தெளிவாச் சொன்னாரு. ஜாமீனுக்கு ரெண்டு பேரு சொத்து காட்டோணும்னாங்க. மொதலாளிகிட்ட இல்லாத சொத்தா? ஆனா காட்ட முடியாது, அதேதான் காரணம். அப்ப யாரு வந்தான்னு நெனைக்கறீங்க? ராக்கியப்பன். மனு போட்டவனே ஜாமீன் போட வந்து நிக்கறான். இதை விடக் கேவலம் ஒரு மனுசனுக்கு உண்டா?

தோட்டத்துப் பத்திரத்தை எடுத்துட்டு வந்திருக்கான். மதிப்பு போட்டுக் குடுக்கச் சொன்னதுக்கு விஏஓ பாத்துட்டு, "சாயத்தண்ணி ஊறின பூமிய்யா இது. வாங்கறதுக்கு ஆளே இல்லை, நான் என்னத்தை மதிப்பு போட?"ன்னுட்டாரு. நாலு தலைமொறை தோட்டம். மஞ்சளும் வாழையும் வெளைஞ்ச பூமி. என்னை வெளிய எடுக்கற அளவுக்குக்கூட அதுக்கு வெலை இல்லை. மச்சான் ஜெயிலுக்கு வந்து இதைச் சொல்லிட்டு, அந்தப் பத்திரத்தை மடிச்சு மறுபடி மஞ்சப் பைக்குள்ள வெச்சதைப் பாத்தேனுங்க. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் குடியிருக்கற ஊட்டுப் பத்திரத்தைக் கொண்டாந்தான். இன்னொரு ஆளுக்கு, லட்டு வாங்குனவன்ல ஒருத்தனையே இழுத்துட்டு வந்தான்.

யாரு கேட்டா? இவனுகளை யாரு கூப்புட்டா? மொதலாளி எப்படியும் ஏற்பாடு பண்ணியிருப்பாரு. கொஞ்சம் லேட்டாகியிருக்கும், அவ்வளவுதான். இவன் முந்திக்கிட்டு வந்து என்னைக் கடன்காரனாக்கிட்டான். இப்ப நான் அவன் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் தலை குனியோணும். அதுக்குத்தான் பண்ணியிருக்கான்.

வெளிய வந்து ஊட்டுக்குப் போனா துளசிமணி தட்டை எடுத்து வெச்சா. சோறு போட்டா. நான்தான் ஆரம்பிச்சேன். "ஏன்டி, நீயும் என்னைக் குத்தஞ் சொல்றியா? சட்டப்படி நான் ஒரு கம்பெனிக்கு ஓனரு, அதாச்சும் தெரியுமா உனக்கு?"ன்னேன். அவ நெதானமா, "ஏனுங்க, நெசமாவே நீங்கதான் ஓனருன்னா, அந்தக் கொழாயை அன்னைக்கே மூடிட்டு வந்திருக்கலாமல்லோ?"ன்னா. நான் சொன்னேன், "மூடறதா இருந்தா மொதலாளிய ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"ன்னு. அவ சிரிக்கறா! சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டா. அடுத்த நாளு அண்ணன் ஊட்டுக்குப் போனவதான், இன்னும் வரலை. பொம்பளைங்களுக்குத் தொழில் வெவகாரம் என்ன தெரியும்?

பரவால்லீங்க. எல்லாம் சரியாயிரும். இன்னைக்கு ஒத்துக்கிட்டா கேசு சீக்கிரம் முடிஞ்சுரும், முடிஞ்சதும் சீலு வெச்சதை எடுத்துருவாங்க, நான் வெளிய வந்ததும் மறுபடி ஓட்டலாம்னு மொதலாளி ஆடிட்டருகிட்டச் சொல்லி அனுப்பியிருக்காரு. சாயம் போடற மிசினெல்லாம் உள்ளதான் இருக்குது. கொஞ்சம் துருப்புடிச்சிருக்கும், ஆயில் போட்டாச் சரியாயிரும். நானே நின்னு பாத்துக்குவேன்.

என்னங்க?

இல்லியா? என்ன இல்லை?

இருங்க இருங்க. மறுபடி சொல்லுங்க. மிசினு உள்ள இல்லியா? சீலு வெச்சிருக்கு, கதவு பூட்டியிருக்கு, எப்படி இல்லாமப் போகும்? பின்செவுத்தை இடிச்சா? யாரு இடிச்சா? எங்க இருக்குதுங்கறீங்க? உங்க ஊருலயா? பாலக்கரைப்பட்டியில?

லாரிக்கு முன்னாடி வழி காட்டிக்கிட்டு நீங்களே இந்த வண்டிய ஓட்டிட்டுப் போனீங்களா. ஓ.

மிசினு கதவுல பச்சைப் பெயின்ட்டுல "பழனாத்தா"ன்னு எழுதியிருக்குதுங்களா? ஆயுத பூசைக்கு நானே எழுதினது. கடைசி எழுத்து கொஞ்சம் சாஞ்சிருக்கும். இருக்குதா. சரி. அப்ப அதுதான்.

புதுக் கம்பெனி யாரு பேருல?

உங்க பேருலயா.

சந்தோசமாத்தான் சொல்றீங்க. சொல்லுங்க, சொல்லுங்க. ஊருக்குள்ள பிளெக்ஸ் வெச்சிருக்காங்களா? தொழிலதிபர் சென்னியப்பன். பேரு நல்லாத்தான் இருக்குது. வத்திப்போன போர்க்குழி உங்க ஊருலயும் கெடக்குதா? பக்கத்துத் தோட்டம் யாருது? உங்க பெரியப்பா மகனுதா. நல்லது.

வண்டிய ஓரங்கட்டுங்க.

கோர்ட்டுக்கு நேரமானா ஆகட்டும், ஓரங்கட்டுங்கன்னா! அந்தப் புளியமரத்துக்கிட்ட.

என்னை ஒரு வார்த்தை கேக்கலை பாருங்க. ஒரே ஒரு வார்த்தை. "அத்தியப்பா, உன்ற மிசினை எடுத்துக்கட்டுமா?"ன்னு. கேட்டிருந்தாக் குடுத்திருக்க மாட்டேனா? நான் யாரு? ஏனுங்க, நான் யாரு? பேங்க்காரன் என்ற ஊட்டுக் கதவுல நோட்டீஸ் ஒட்டறப்ப ஓனரு நானு. போலீசு என்ற கையைப் புடிக்கறப்ப ஓனரு நானு. ஜெயில்ல ஓனரு நானு. மிசினைத் தூக்கிட்டுப் போறப்ப மட்டும் நான் டிரைவரா?

சீலு வெச்ச எடத்துல செவுத்தை இடிச்சா அதுக்கு ஒரு கேசு வரும். அது யாரு மேல வரும்? ஓனரு மேல. நான் உள்ள உக்காந்துக்கிட்டு, வெளிய வந்து மறுபடி ஓட்டலாம்னு கெனாக் கண்டுக்கிட்டு இருப்பேன், என் மேலயே அடுத்த கேசு வரும். அடப்பாவி. அடப்பாவி மனுசா. பின்னாடி உக்காந்துக்கிட்டு எங்கம்மா பேரைக் கேட்டானே. அவ செத்த அன்னைக்கு எனக்கு லீவு குடுக்காம கோயமுத்தூரு போயி வரச் சொன்னவன். நான் கொள்ளி வெச்சுட்டு ஓடியாந்து வண்டியெடுத்தேன். அவளைக் கொண்டுபோயி ஒரு சாயக் கொழாய் மேல எழுதி வெச்சுட்டான்.

எழுத உட்டவன் நானு. சரி. அதை அப்புறம் பாத்துக்கறேன்.

இப்ப கேளுங்க. நான் கோர்ட்டுக்குள்ள போயி ஒத்துக்கத்தான் போறேன். ஆடிட்டரு சொன்னபடியே சொல்றேன். "ஆமாங்க ஐயா, கம்பெனி என்னுது, நாந்தான் ஓனரு." சொல்லிட்டு அங்கியே நின்னு, "ஐயா, என்ற கம்பெனியில திருட்டுப் போயிருச்சு. சீலு வெச்ச எடத்துல செவுத்தை இடிச்சு மிசினைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. சாமான் இருக்கற எடமும் தெரியும், எடுத்தவன் பேரும் தெரியும். எழுதிக்கங்க"ன்னு சொல்றேன். ஓனரு சொன்னா எழுதிக்கோணுமில்ல? ஊரே சாட்சி சொல்லும் நாந்தான் ஓனருன்னு. ராக்கியப்பன் அங்கதான் நிப்பான், வாய்தா தவறாம வர்றவன். அவனும் சொல்லட்டும்.

அப்ப ஜட்ஜு கேப்பாரு, அவுரு எதுக்கு உன்ற மிசினை எடுக்கறாருன்னு. சொல்றேன். பேங்க் வாசல்ல அவுருக்குக் கார் கதவு தொறந்து விட்டதுல இருந்து சொல்றேன். மண்டபத்தையும் சொல்றேன்.

நீங்க ஏன் வேர்த்து வழியறீங்க? போனை எடுக்காதீங்க. மொதலாளிதான் கூப்புடறாரு, தெரியுது, பேரு வருதே. அடிக்கட்டும்.

நீங்களும் உள்ள வாங்க. லாரிக்கு வழி காட்டுனது நீங்க, எடம் காட்டவும் உங்களால முடியும். உங்களுக்குப் புள்ளைங்க இருக்குதா? அப்ப யோசிக்காதீங்க. இன்னைக்குச் சொன்னீங்கன்னா நீங்க சாட்சி. அடுத்த வாய்தாவுல சொன்னீங்கன்னா நீங்க ஓனரு.